விலைச் செய்தியும் பொதுக் கணக்கும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் திரியாய், குச்சவெளி, கும்புறுப்பிட்டி, நிலாவெளிப் பகுதிப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கத்தினர் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால் வரும் ஊர்களிலிருந்து இந்தப் பாடசாலைக்கு வந்தவர்கள் நாம். எம்மில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், தாதிமார் இருக்கிறார்கள், அரசாங்க உத்தியோகத்தர் இருக்கிறார்கள். கடை வைத்திருப்பவரும் வயல் செய்பவரும் இருக்கிறார்கள். என்ன பேசலாம் என்று கூடி இருந்து கதைத்தபோது எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றோம். சின்ன ஊர்களில் வியாபாரம் செய்பவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருந்தும், வியாபாரிகளின் கூட்டத்தில் ஏன் பெண்களைக் காணவில்லை? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

திரியாயிலிருந்தே தொடங்குகிறோம். வியாபாரிகளுக்குத் தலைமை என்றால் என்ன என்பதற்கு அங்கே கல்லிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

திரியாய் மலையில் கிரிஹண்டு சேய என்று இன்று அழைக்கப்படும் தூபியும், அதைச் சுற்றி வட்டமாக நிற்கும் கற்றூண்களும் உள்ளன. அங்கே பாறையில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அதன் மொழி சமஸ்கிருதம். எழுத்து தென்னிந்தியப் பல்லவ கிரந்தத்தை ஒத்தது. எழுத்தின் வடிவைக் கொண்டு அதன் காலத்தை 7 ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 8 ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். சேனரத் பரணவிதான அதை வாசித்துப் பதிப்பித்தார். அந்தச் சைத்தியத்தை அமைத்தவர்களாகக் கல்வெட்டு சொல்வது வணிகக் கூட்டத்தாரை. கடலோடுவதில் தேர்ந்தவர்கள், வாங்குவதிலும் விற்பதிலும் கைவந்தவர்கள், மரக்கலங்களில் பலவகைப் பண்டங்களை ஏற்றியவர்கள் என்று அவர்களைப் பற்றிக் கூறுகிறது. திரபுஸ்ஸக, வல்லிக என்ற பெயர்கள் அதில் வருகின்றன.

பௌத்த மரபில் இந்தப் பெயர்கள் மிகவும் தெரிந்தவை. ஞானம் பெற்ற புத்தருக்கு முதன்முதல் மாவும் தேனும் கொடுத்து உபசரித்த இரண்டு வணிகர்களின் பெயர்கள் அவை. அவர்கள் பெற்றுவந்த கேசதாது திரியாயில் வைக்கப்பட்டது என்று இங்கே சொல்கிறார்கள். அதே இரு வணிகர் கொண்டுவந்த கேசதாதுதான் தங்கள் சுவேதகொன் தூபியில் இருக்கிறது என்று மியன்மார் மக்களும் நம்புகிறார்கள். வங்கக் கடலின் இரு கரைகளும் ஒரே வணிகரைத் தம்மவர் என்கின்றன. கப்பல் போன துறையெல்லாம் வணிகருக்குச் சொந்த ஊராகிவிடுகிறது போலும்.

அந்த மலையும் அதைச் சூழ்ந்த காணிகளும் யாருக்கு உரியவை என்ற வாக்குவாதம் எமக்குத் தெரியாததல்ல. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, எமது பக்கத்து விவசாயக் குடும்பங்கள் தம் வயல்களை நினைத்துக் கலங்கியதை நேரில் கண்டவர்கள் நாம். அது தனியாகப் பேச வேண்டிய விடயம். இன்றைக்கு அந்தக் கல்லிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள வணிகர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். தங்கள் ஊதியத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்தில் இட்டார்கள். அதனால்தான் 1200 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

இது திரியாய்க்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. உள்நாட்டுப் பக்கம் பதவியாவிலும் வாகல்கடவிலும் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தாரின் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயர் பெற்ற விகாரையில், விளக்கெரிக்கவும் பசுக்கள் வளர்க்கவும் கொடுத்த தானங்கள் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் சி. பத்மநாதன் அவர்களின் ஆய்வுகளால் இவற்றை எமது தலைமுறை அறிந்துகொண்டது. ஐந்நூற்றுவர் என்ற பெயரையே பாருங்கள். அது ஓர் ஆளின் பெயர் அல்ல, ஒரு தொகை. எந்தத் துறையில் என்ன பண்டம் ஏறுகிறது, எந்த வழியில் கள்ளர் பயம் இருக்கிறது என்ற செய்தி அந்தத் தொகையில் உள்ளவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தால்தான் வணிகம் நடக்கும். செய்தியும் பணமும் கூட்டத்துக்குள் பொதுவாக இருந்ததே அவர்களின் பலம்.

இனி இன்றைய ஊருக்கு வருவோம்.

மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு. மெசின் வயலில் இறங்கினால் ஒரே நாளில் நெல் மூட்டையாகிவிடும். அந்த நெல் ஈரம். நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலை கொடுக்க வேண்டுமானால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காயவைக்கக் களம் வேண்டும், வெயில் வேண்டும், சில நாட்கள் பொறுத்திருக்கவும் வேண்டும். மெசின் கூலியும் உரக்கடைக் கடனும் பொறுத்திருக்க விடுவதில்லை. வரம்பில் லொறி வந்து நிற்கும். அன்று பொலன்னறுவை மில்களில் என்ன விலை போகிறதென்பது லொறியில் வந்தவருக்குத் தெரியும். நெல்லுக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாது. அவர் ஒரு விலை சொல்வார், இவள் தலையாட்டுவாள்.

கரையிலும் இதே கதைதான். வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கிய குடும்பம், முற்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும். கொழும்பில் என்ன விலை என்று கேட்கும் உரிமை அந்த முற்பணத்தோடேயே போய்விடுகிறது.

ஆகவே நாம் கண்டது இதுதான். சின்ன ஊரில் விலைச் செய்தி முதலில் யார் காதில் விழுகிறதோ அவர்தான் ஊருக்குப் பெரியவர். பணமும் பதவியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அந்தச் செய்தியைத் தன் மடியில் முடிந்து வைத்திருந்தால் அவர் முதலாளி. நாலு பேருக்குச் சொல்லி எல்லோரையும் நல்ல விலைக்கு விற்க வைத்தால் அவர் தலைவர்.

எமது கடைத்தெருக்களில் வர்த்தகர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல இங்கு வரவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் அரிசி மூட்டையோடு வருபவர்கள் அவர்கள். திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவதும், வீதி விளக்கு எரியாவிட்டால் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள். ஆனால் அங்கத்தவராவதற்குப் பதிவு செய்த கடை வேண்டும். காலை 4 மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள் வர்த்தகர் அல்லள். முட்டித் தயிர் விற்பவள், கருவாடு போடுபவள், பன்பாய் இழைப்பவள், நெல் அவித்துக் குற்றி அரிசி விற்பவள், வீட்டில் தையல் மெசின் வைத்திருப்பவள், அலுவலகங்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுபவள் ஒருத்தியும் வர்த்தகர் அல்லள். கல்லாவில் பெண் இருக்கும் கடைகளிலும் பதிவு பெரும்பாலும் கணவர் பெயரிலோ தம்பி பெயரிலோ இருக்கிறது. கூட்டத்துக்கு அவர் போகிறார். அங்கே கேட்ட செய்தி வீட்டுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

உள்ளூராட்சியில் இதைச் சட்டம் மாற்றியது. அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீதமளவில்தான் இருந்தார்கள். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தபின் 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலில் சபைகளின் முகமே மாறியது. கடைத்தெருவுக்கு அப்படி ஒரு சட்டம் வரப் போவதில்லை. அங்கே நாமாகவே போய் உட்கார வேண்டும்.

இந்தப் பெண்களின் கையில் முதல் ஏன் இல்லை என்று வெளிநாட்டிலிருந்து வந்த தங்கைமார் கேட்கக்கூடும். காரணங்கள் உங்களுக்கும் தெரிந்தவைதான். 1985 இல் திரியாய் எரிந்தது. சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் பற்றைக்காடு. 2004 மார்கழியில் கடல் வந்து கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தினார்கள். அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. மாவும் எரிவாயுவும் வாங்க முடியாமல் இடியப்பத் தட்டைக் கவிழ்த்து வைத்தவர்கள் பலர். இப்படி ஒவ்வொரு தடவையும் சேர்த்தது போய், முதல் படியிலிருந்து ஏறியவர்கள் எமது பெண்கள்.

அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்தது நுண்கடன். போருக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே கடன் வந்தது. 2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தும் எல்லாக் கடன்காரரும் அதற்குள் அடங்கவில்லை. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி 220 வீதம் வரை போவதாகக் குறிப்பிட்டார். அதே ஆண்டில் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்து, வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் சொன்னது. 2021 இல் ஹிங்குராங்கொடையில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று பார்க்காத கடன் அது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தங்கைகள் கொப்பியில் போட்டுப் பார்க்கலாம். ஒருத்தி 50,000 ரூபா கடன் எடுக்கிறாள். ஆண்டுக்கு 24 வீதம் நிலையான வட்டி என்கிறார்கள். வட்டி 12,000, மொத்தம் 62,000. 52 கிழமைகளில் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா கட்ட வேண்டும். கேட்டால் 24 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 50,000 முழு ஆண்டும் அவள் கையில் இருப்பதில்லை. முதற்கிழமையிலிருந்தே திரும்பக் கட்டத் தொடங்குகிறாள். சராசரியாகப் பார்த்தால் பாதியளவு பணந்தான் அவளிடம் இருக்கிறது. வட்டியோ முழுத் தொகைக்கும். குறைந்துகொண்டு போகும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 44 வீதமளவில் வரும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்த ஒருத்தி தெருவுக்கு ஒருத்தியாக இருந்திருந்தால், பல வீடுகளில் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயிருக்காது.

வழி இல்லையா என்றால் இருக்கிறது. முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இலேயே வந்துவிட்டது. திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் புகையிலை அனுப்பிய யாழ்ப்பாணத்துக் கமக்காரர்கள், தரகரை நம்பியிராமல் 1934 இல் மலையாளம் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் மூளாயில் ஊரவர்கள் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையையே நடத்தினார்கள். குஜராத்தின் அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972 இல் சேவா என்ற சங்கத்தை அமைத்தார். தலைச்சுமை தூக்குபவர்களும் நடைபாதையில் மரக்கறி விற்பவர்களுமாக 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபா போட்டு 1974 இல் தமக்கென்று ஒரு வங்கி தொடங்கினார்கள். பலருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. வங்கிப் புத்தகத்தில் படத்தை ஒட்டி அதைச் சமாளித்தார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் 1978 இல் தொடங்கிய உழைக்கும் பெண்கள் அமைப்பும் இதே வழியில் நடந்தது. 10 ரூபாவை விட அவர்களிடம் இருந்த பெரிய சொத்து, ஒருத்தியின் கணக்கு மற்றவளுக்குத் தெரிந்திருந்ததுதான்.

எமது பெண்களுக்கும் இது புதிதல்ல. சீட்டுப் பிடிக்காத தெரு எமது ஊர்களில் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து, எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல், ஒருவரை ஒருவர் நம்பி மாதா மாதம் காசு போட்டு எடுக்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது. அதற்குக் கொப்பியும் பதிவும் சேர்ந்தால் அது ஒரு நிறுவனம்.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, விலைப்பலகை. மத்திய வங்கி அன்றாட விலை அறிக்கை வெளியிடுகிறது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் சந்தை விலைகளைத் தருகிறது. இவை எமது பெண்களின் கைக்கு எட்டுவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காலையில் நெல், அரிசி, மீன், முட்டை விலைகளைப் பார்த்து வாட்ஸ்அப்பில் போட்டால், ஒரு பிள்ளை அதைச் சங்கக்கடை வாசலில் சோக்கால் எழுதிவைக்கும். செலவு ஒரு சோக்குக் கட்டி.

இரண்டாவது, சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு. வரவு, செலவு, அடக்கவிலை, நிலுவைக்கு வட்டி. இந்த நான்கும் போதும். கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் கொண்டுவந்து காட்ட ஓர் இடமாகவும் அந்த வகுப்பு இருக்கட்டும்.

மூன்றாவது, பதிவு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைத் தன் பெயரில் பதிவதற்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவோம். பதிவு கையில் வந்ததும் வர்த்தகர் சங்கத்தில் அங்கத்துவம் கேட்போம். ஒருத்தியாகப் போனால் கூச்சம், பத்துப் பேராகப் போனால் கோரம். தலைவர்மார் பெரும்பாலும் எமது அண்ணன்மாரும் மாமாமாரும்தான். மரியாதையாகக் கேட்டால் கதிரை போடுவார்கள் என்று நம்புகிறோம்.

நான்காவது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் உங்களுக்கு. தையல் மெசினும் கோழிக்கூடும் அனுப்பினீர்கள், நன்றி மறக்கவில்லை. இனி ஒரு பொதுப் பொருளுக்கு உதவுங்கள். ஊருக்கு ஒரு சீமெந்துக் களம், ஓர் ஈரப்பதமானி, வெட்டு முடிந்து நெல் காயும்வரை மெசின் கூலியைக் கொடுத்துச் சமாளிக்க ஒரு சுழல்நிதி. நிதியைப் பதிவு செய்த சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஒன்றினூடாகக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். அன்பளிப்பாகக் கொடுத்தால் ஒரு வீட்டில் விளக்கெரியும். சுழல்நிதியாகக் கொடுத்தால் இந்தப் போகத்தில் ஒருத்திக்கும் அடுத்த போகத்தில் இன்னொருத்திக்கும் உதவும். லொறிக்காரர் விலை சொல்லும்போது, "தம்பி, நெல் காய்ந்து கிடக்கு, 14 வீதம், இன்றைய விலையும் தெரியும்" என்று அவள் சொல்ல வேண்டும். எமது ஆசை அவ்வளவுதான்.

துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் மாவாலையும் புல்மோட்டைக் கனிய மணலும் உள்ள மாவட்டம் இது. அந்தப் பெரிய வியாபாரங்களின் தீர்மானங்கள் எங்கோ தூரத்தில் எடுக்கப்படுகின்றன. நெல்லும் மீனும் தயிரும் இடியப்பமும் மட்டுமே இன்னும் எமது கையில் இருக்கின்றன. அவற்றின் விலையைப் பேசும் இடத்தில் நாமும் இருப்போம்.

தங்கைகளே, இந்தப் பாடசாலை எம்மை வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் எழுதுநர்களாகவும் ஆக்கியது. அடுத்த நூறாண்டில் ஒரு வர்த்தகர் சங்கத் தலைவியையும், ஒரு கூட்டுறவுச் சங்கப் பொருளாளரையும், நெல் ஆலை நடத்தும் ஒருத்தியையும் இந்த வாசலால் அனுப்பி வைக்கட்டும். தலைவியாக வருபவள் தனக்குக் கிடைத்த செய்தியை மறைக்காமல் சொல்பவளாக இருக்கட்டும்.

மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். கணக்கு வகுப்பில் கற்பிக்க விரும்புபவர்கள் ஒரு தாளிலும், சுழல்நிதியில் பங்கு போட விரும்புபவர்கள் மற்றத் தாளிலும் பெயரை எழுதிவிட்டுத் தேநீருக்குப் போகும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.